நாக்சோஸ் தீவும் உன் திதியும்

என் சரசுவுக்கு,

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், பொறுத்துக்கொள். ‘ற’வும் ‘ஞ’வும் இன்னும் என் கைக்குப் பணியவில்லை. இந்த இரண்டு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனால் நானே எழுதுகிறேன் சரசு, யாரும் கை பிடிக்கவில்லை. இந்த வெளிநாட்டுக்கு வந்து பென்ரோஸ் பகுதிக் கிடங்கில் பெட்டியின் நிறத்தைப் பார்த்தே வேலை செய்து முடித்தவன் நான். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட யார் வீட்டுக் கல்யாணம் என்று நீதான் சொல்லவேண்டும்.

நீ போன பிறகு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்து டீச்சர். “ஐயா, இனி ஆருக்காவது ஒரு கடிதம் எழுதுங்கோ” என்றார். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஊர் சுற்றப் போகிற நல்ல சேதியைத்தான் முதலில் எழுத நினைத்தேன். உட்கார்ந்தால் வெட்கம் முன்னால் வந்து நிற்கிறது.

இந்தக் குளிரில் நான் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து நம் மாலதி ஒரு நாள் சொன்னாள். “பா, கிரீஸ் போலாம். நல்ல வெயில், கடலு. ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா உக்காந்திருக்கலாம்லா.” நான் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு படங்களைக் காட்டினாள். வெள்ளைச் சுவர், நீலக் கதவு. தீவுகளின் பெயர்களைத் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தேன். சாந்தோரினியில் படிக்கட்டு அதிகம், முட்டி தாங்காது. நாக்சோஸ் என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். அங்கே ஓர் அறை, அதற்கு முன்னால் கடலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் அப்போதே போய் உட்கார்ந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உனக்கு வருஷம் திரும்பவில்லை என்பதை மறக்கவில்லை. தீபாவளிக்கு எண்ணெய் வைக்கவில்லை, பொங்கலுக்குப் பானை ஏற்றவில்லை. அதனால் சுவர் நாள்காட்டியில் நீ போன தேதியை நானே தேடிப் பிடித்தேன். எண்ணும் மாதமும் படிக்க வந்துவிட்ட பெருமை வேறு. “அம்மா நாள் முடிஞ்ச மறுநாள் கெளம்பலாம்” என்று மாலதியிடம் சொன்னேன். அவளும் அப்படியே டிக்கெட் போட்டாள்.

பிறகுதான் கோயில் ஐயருக்குப் போன் செய்தேன். “அது இங்கிலீஷ் தேதின்னா? திதி அன்னைக்கு வராது. இந்த வருஷம் தள்ளி விழறது” என்றார். அவர் சொன்ன நாளில் நான் அந்த நாற்காலியில் இருப்பேன். நமக்கு ஆண்பிள்ளை இல்லை. நான் இங்கே இல்லாவிட்டால் உனக்கு எள்ளும் தண்ணீரும் விட யார் இருக்கிறார்கள்?

அடுப்படியிலிருந்து மாலதி கேட்டாள். “ஐயர் என்னா சொன்னாரு பா?”

“எல்லாம் சரின்னாரு” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. அப்படி இல்லை. நினைத்துத்தான் சொன்னேன். அந்தக் கடல் எனக்கு வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் உன் படத்துக்கு விளக்கு ஏற்றும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. விமான நிலையத்தை ஒட்டிய மங்கரேயில் நம் வீட்டுக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன். நேற்றுக் காலை மாலதி எனக்கென்று ஒரு தொப்பி வாங்கி வந்து தலையில் வைத்துப் பார்த்தாள். என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். தொப்பியை மெல்ல எடுத்து மேசையில் வைத்தாள்.

“தெரிஞ்சே சும்மா இருந்தீங்களா?”

“ஆமாம்மா.”

“உங்களுக்குப் பொண்டாட்டி, சரி. எனக்கு அம்மா பா. திதிய விடறதா வேணாமான்னு நீங்க ஒருத்தரே முடிவு பண்ணிட்டீங்க.”

இது என் புத்திக்கு எட்டவே இல்லை, சரசு. உனக்கும் எனக்கும் நடுவே உள்ள கணக்கு என்றே நினைத்திருந்தேன். அவள் இத்தனை மாதமாக யாரிடமும் அழாமல் இருந்ததைக் கூட நான் கவனிக்கவில்லை. நேற்று அழுதாள். பக்கத்தில் போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

சாயந்திரம் என் அறை வாசலில் வந்து நின்றாள். “தேதிய மாத்திட்டேன். திதி முடிஞ்சப்புறம்தான் போறோம். ஆனா அந்தக் கடல் பாத்த ரூம் கெடைக்கல.” சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் பேசவில்லை.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது, அந்த அறை போய்விட்டதே என்ற வருத்தம்தான். மகள் அழுத முகத்தோடு நிற்கிறாள், நான் ஒரு நாற்காலிக்கு ஏங்குகிறேன். இந்த வயதிலும் மனுஷன் இப்படித்தான் இருப்பானா? நீ என்னோடு இருந்தபோதும் இப்படித்தான் இருந்தேனா? நீ சொன்னதே இல்லையே.

இன்றைக்கு அவளுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், நிமிரவில்லை. திதியன்று அவளையும் என் பக்கத்தில் உட்காரவைக்கப் போகிறேன். ஐயர் ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவள் என்னோடு பேசினாளா என்பதை வருகிற வெள்ளிக்கிழமை உட்கார்ந்து உனக்கு எழுதுவேன். பேசாவிட்டாலும் எழுதுவேன்.

உன் வீட்டுக்காரன்,
மாலதி அப்பா