அப்பப்பாவின் இரண்டாவது தாள்

16 பெப்ரவரி 2025, ஞாயிறு

நான் ஆன்ட்ரியாஸின் வியாபாரப் பங்காளி இல்லை. பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் மேரியம்மா அப்படித்தான் சொல்லிக்கொண்டு நின்றாளாம். அவன் என் தங்கை மகன்; ஊரிலே வன்னியில் ரயில் பாதையோரம் காணி விற்கும் திட்டம் நடத்துகிறான். அதில் நான் இந்த நாட்டுக் காசில் ஒரு குரோணரும் போடவில்லை, கையெழுத்தும் இடவில்லை. ஒரு புகைப்படத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

18 பெப்ரவரி

அந்தப் புகைப்படத்தைப் பற்றியும் நேர்மையாக எழுத வேண்டும். நவம்பரில் அறிமுகக் கூட்டம். அப்பப்பாவின் பங்குப் பத்திரத்தை அவன் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மேசையில் வைத்திருந்தான். 1911. மலாயாவில் ஓர் ஆங்கிலேயக் கம்பனி ரயில் பாதை போடவும் காடு வெட்டிக் காணி பிரிக்கவும் பணம் திரட்டியது. ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்த அப்பப்பா பங்கு வாங்கினார்.

"நூறு வருசத்துக்கு முதலே ரயிலுக்குக் காசு போட்ட குடும்பம் எங்கடை. பெரியம்மா, கிட்ட வந்து நில்லுங்கோ."

நின்றேன். பட்டுச்சேலை கட்டியிருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

22 பெப்ரவரி

நகரின் கிழக்கே புருசெத்திலிருந்து இராசமணி வந்தாள். முப்பது வருடம் பள்ளிக்கூடங்களில் துப்புரவு வேலை செய்தவள்.

"ரீச்சர், விளம்பரத்திலை உங்கடை படத்தைப் பாத்துத்தான் ரெண்டு லட்சம் கட்டினனான். காணி உறுதிப் பத்திரம் எப்ப வரும்?"

"அவனைக் கேட்டனீரோ?"

"கேட்டனான். 'ரீச்சரைக் கேளுங்கோ, அவ எல்லாம் வாசிச்சுப் பாத்தவ' எண்டு சொன்னவர்."

எதை வாசித்தேன் நான்?

23 பெப்ரவரி

பூசைக்குப் போகவில்லை.

24 பெப்ரவரி

வாசித்தது ஒன்று உண்டு. அவனிடம் நான் கொடுத்தவை இரண்டு தாள்கள். பத்திரம் ஒன்று, மற்றது 1914இல் அப்பப்பா தன் தம்பிக்கு எழுதிய ஆங்கிலக் கடிதம். கொன்வென்ற்றில் படிக்கிற பிள்ளை என்று அப்பா என்னைக் கொண்டுதான் அதை வாசிப்பித்தார். வரிக்கு வரி தெரியும். பாதை போட்டார்கள், துரைமாரின் இறப்பர்த் தோட்டங்களுக்கு. பங்குக்காரருக்குக் கிடைத்தது சதுப்பு நிலம். அப்பப்பாவை நம்பிப் பணம் போட்ட பதினொரு எழுதுவினைஞர்களுக்கும் அதே கதி. 'அவர்கள் கம்பனியை அறியார்; என்னை அறிந்தார்கள்; அதனால் கொடுத்தார்கள்.'

நானே அதைத் தமிழில் எழுதிக் கொடுத்து, இரண்டையும் சேர்த்து வை என்றேன். மேசையில் ஒன்றுதான் இருந்தது. கண்டேன். ஏன் அன்றே கேட்கவில்லை, மக்டலீன் என்று என்னையே கேட்கிறேன்.

26 பெப்ரவரி

தொலைபேசியில் கேட்டேன். சிரித்தான்.

"அந்தக் கடிதத்தை வைச்சா ஆர் பெரியம்மா காணி வாங்குவினம்?"

"இராசமணியின்ரை காசு?"

"அது வன்னிக்குப் போயிட்டுது. நீங்கள் பேசாமல் இருங்கோ. சனம் உங்களை நம்புது, எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

எட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன். இந்த மேசையில்தான் தமிழ் எழுதப் பழக்கினேன். என்னையே வித்துப்போட்டானே — அதுவும் ஒரு படத்துக்கு —

5 மார்ச், விபூதிப் புதன்

அப்பப்பாவின் கடிதத்தை நினைவிலிருந்து எழுதினேன். கீழே, அதைத் தெரிந்துகொண்டே படத்துக்கு நின்றதையும் எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு பிரதி இராசமணி பொலிசுக்குக் கொண்டுபோக. மற்றதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் நானே குத்தினேன். மேரியம்மா முழுவதும் வாசித்தாள். என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு படியிறங்க உதவினாள்.

பிறகு பதிவுத் தபாலில் ஒன்று அனுப்பினேன். அதன் பிரதி:

திரு. ஆன்ட்ரியாஸ் அவர்களுக்கு,

திருமதி இராசமணியின் இரண்டு இலட்சம் குரோணர் எந்தத் தேதியில் திரும்பி வரும்? என் அப்பப்பாவின் இரண்டாவது தாள் எங்கே? தொலைபேசி எடுக்க வேண்டாம். மார்ச் 20க்கு முன் எழுத்தில் பதில் தரவும்.