மாமா கொடுத்த நற்சான்று

ஜூன் 12, வியாழன்

இன்றைய நேர்காணலைக் கெடுத்தது மாமாதான். அனுபவம் என்று காட்ட என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று: கேரள எல்லையோரம் கோவிந்தாபுரத்தில் அவருடைய தேங்காய் மண்டிக்கு நான் எழுதிக்கொடுத்த பில் மென்பொருள். ஒரு வருடமாக அந்த பில் இல்லாமல் ஒரு லாரியும் எல்லை தாண்டியதில்லை. அதைத்தான் ரெஸ்யூமில் போட்டிருந்தேன், மாமாவின் எண்ணோடு.

கோயம்புத்தூர் கம்பெனிக்காரன் என் எதிரிலேயே ஸ்பீக்கரில் அவரை அழைத்தான்.

“வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க,” என்றார் மாமா, அத்தனை பணிவாக. “காலேஜ் முடிச்சுட்டு ஊட்டுல சும்மா கெடந்தானுங்க. பொழுது போகட்டும்னு கடையில என்னமோ நோண்டுவானுங்க.”

“நோண்டுனதுக்குப் பேரு ஒரு வருஷ எக்ஸ்பீரியன்ஸா தம்பி?” என்று சிரித்தான் அவன். லேப்டாப்பைத் திறக்கவே விடவில்லை. கோட் ஒரு வரி பார்க்காமல் அனுப்பிவிட்டான், மடையன்.

சற்றுமுன் மாமா அழைத்தார். “மாப்ளே, பில்லே வரமாட்டீங்குது. லோடெல்லாம் அப்படியே நிக்குது. வெரசா வா சாமி.”

“சும்மா கெடக்கறவனுக்கு என்னங்க மாமா தெரியும்?” என்று போனை வைத்துவிட்டேன்.

மறுபடி அடிக்கிறது. எடுக்க மாட்டேன். பிழை எந்த வரியில் என்று படுத்தபடியே எனக்குத் தெரியும். விடியும்வரை லாரிகள் நிற்கட்டும். அப்போதாவது நான் நோண்டியதற்கு வேலை என்று பேர் வருகிறதா பார்க்கிறேன்.