எப்போது சொல்லப் போகிறாள்

மார்ச் 3, செவ்வாய்

படத்தை இன்று முழுதாக ஓட்டிப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. பெற்றவளுக்கே பிள்ளையைப் பிடிக்கவில்லை என்றால் ஊரார் மட்டும் எடுத்துக் கொஞ்சுவார்களா?

கதையில் குறை ஒன்றும் இல்லை. மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. அப்பாவிடம் சொல்ல வேண்டும். அவரோ அவள் அறையில், அவள் புத்தகங்களுக்காகச் சுவரில் அலமாரி பொருத்திக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் படம். சொல்வாளா மாட்டாளா என்று பார்ப்பவர்கள் நகம் கடிக்க வேண்டும். நான் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5, வியாழன்

இயக்குநர் போன் செய்தார். இத்தனை வருடம் நான் எடிட்டிங் செய்த மெகா தொடரின் இயக்குநர்.

"உன் சீட்டுல தற்காலிகமாத்தான் ஒருத்தனை உட்கார வச்சிருக்கேன்மா. ஏப்ரல் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல முடியாது."

நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்திருப்பேன்.

நானும் என் வீட்டுக்காரரும் பேசி வைத்திருப்பது இதுதான்: குறும்பட விழாவில் தேர்வானால் இனி என் படங்களைத்தான் எடுப்பேன். இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் பழைய சீட்டு. முடியுமா என்னால்? இனி யாரோ சொல்லும் இடத்தில் வெட்டி, யாரோ சொல்லும் இடத்தில் ஒட்டி...

மார்ச் 8, ஞாயிறு

பதறவேண்டிய இடத்தில் வயலின் போட்டேன். அழவேண்டிய இடத்திலும் வயலின். நெட்டை வந்து பார்த்தான் (என் ஒளிப்பதிவாளன், எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான்).

"அக்கா, கேமராவை அசைக்காம ஒரே மூச்சுல எடுத்துக் கொடுத்தேன். கீரை மாதிரி அரிஞ்சு வச்சிருக்கீங்க."

"முகம் காட்ட வேண்டாமாடா?"

"அவ வாயைத் திறக்கிறா. அவர் டிரில்லைப் போடுறார். அவ வாயை மூடிக்கிறா. அதை எங்க பார்க்க விட்டீங்க? அதுக்குள்ள ஜன்னல், கடிகாரம், அவர் மூக்கு."

கோபம்தான் வந்தது. அவன் போனபிறகு எண்ணிப் பார்த்தால் உண்மை. தொடரில் ஒருவர் தும்மினால்கூட நான்கு பேர் முகத்தைக் காட்டியாக வேண்டும். கை அப்படியே பழகிவிட்டது.

வயலினை எடுத்தேன். துண்டுகளைச் சேர்த்துப் பழையபடி ஒரே ஷாட்டாக வைத்தேன். இப்போது டிரில் சத்தம் மட்டும்தான் இசை. அது நிற்கும்போதெல்லாம் இப்போது சொல்லிவிடுவாளோ என்று தோன்றுகிறது. அப்பாவாக நடித்தவர் நிஜத்தில் பல் டாக்டர். டிரில்லைக் கையில் எடுத்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறதே, அதை எந்த நடிகரிடமும் வாங்க முடியாது.

மார்ச் 9, திங்கள்

தேவலை. ஆனால் இன்னும் இழுத்துப் பிடிக்கவில்லை.

மார்ச் 14, சனி

காலையில் அக்காவுக்குப் படத்தை அனுப்பினேன். மத்தியானம் போன்.

"என்னடி படம் எடுத்து வச்சிருக்கே? அடுப்புல வச்சதை மறந்துட்டுப் பார்த்துட்டிருக்கேன். ஊருக்குப் போக அவ கட்டி வச்ச பெட்டி கட்டிலுக்கடியில இருக்கு, அதுமேலயே பிளேன் டிக்கெட் இருக்கு, அந்த மனுஷன் ஒண்ணும் தெரியாம ஓட்டை போட்டுட்டிருக்கார். ஸ்க்ரூ கீழ விழுந்து அவர் குனிஞ்சாரே, கட்டிலுக்கடியில பார்த்துடாதீங்கன்னு நான் கத்தியே விட்டேன்."

"பெட்டி கடைசியிலதானே வரும்?"

"முதல்லயே வந்துச்சேடி."

போட்டுப் பார்த்தேன். வந்திருந்தது. கடைசியில் தூக்கிவாரிப்போட வேண்டும் என்று நான் ஒளித்துவைத்த பெட்டி, படத்தின் தலையில் உட்கார்ந்திருந்தது. தொடரில் ஒவ்வொரு பகுதியின் ஆரம்பத்திலும் அன்றைய அதிர்ச்சியிலிருந்து ஒரு துண்டை ஒட்டுவோம், யாரும் சேனலை மாற்றக் கூடாது என்பதற்காக. அனுப்பும் அவசரத்தில் என் விரல்கள் என்னைக் கேட்காமலே அதைச் செய்திருக்கின்றன.

அந்த ஸ்க்ரூ விழுந்தது நடிப்பே இல்லை. டாக்டர் கைதவறிப் போட்டது. வெட்டிவிடலாம் என்றிருந்தேன், சோம்பலில் விட்டுவிட்டேன். பெட்டி இருப்பது தெரிந்தபிறகு அதே குனிதலைப் பார்த்தால் என் வாயில் பிஸ்கட் பாதிக் கடியில் நின்றது. ஒளித்தால் கடைசியில் ஒரு நொடி திடுக்கிடுவார்கள். காட்டிவிட்டால் படம் முழுக்கத் தவிப்பார்கள். இத்தனை வருடம் அதிர்ச்சி விற்றேனே, இது எப்படி எனக்குத் தெரியாமல் போயிற்று?

அக்காவின் குழம்பு அடிப்பிடித்துவிட்டதாம். எனக்குக் கிடைத்த முதல் விருது.

மார்ச் 16, திங்கள்

ஒரே ஒரு ஷாட் புதிதாக எடுத்தோம். அவர் குனியும்போது அவள் முகம் இல்லை, கால் மட்டும். பெட்டியை மெல்ல உள்ளே தள்ளும் கால். பெட்டி முன்னால் போய்விட்டதால் முடிவும் மாறியது. அலமாரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எந்தப் புக்கை முதல்ல வைக்கப் போறே?" என்று கேட்டுக்கொண்டே அப்பா திரும்புகிறார். அவள் "அப்பா" என்கிறாள். அவர் முகத்தோடு படம் முடிகிறது.

ஏப்ரல் 2, வியாழன்

படத்தை விழாவுக்கு அனுப்பிவிட்டேன். போன் அடித்தாலே பாய்ந்து எடுக்கிறேன். இதுவரை அடித்தவர்கள்: கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள்.

ஏப்ரல் 18, சனி

தேர்வுக்குழுவினர் பொதுமக்களோடு உட்கார்ந்து பார்க்கும் காட்சி. எனக்கு முன் வரிசையில் இரண்டு பெண்கள். மூன்று படங்கள் முடிவதற்குள் அவர்களுடைய நாத்தனார் வண்டவாளம் முழுக்க எனக்குத் தெரிந்துவிட்டது. என் படம் தொடங்கியபோது ஒருத்தி சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தாள். செத்தோம் என்று நினைத்தேன்.

ஸ்க்ரூ விழுந்தது. பாக்கெட்டுக்குள் போன கை வெளியே வரவில்லை. டிரில் நின்றது. அரங்கத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

"சொல்லிடுடி," என்றாள் அவள், திரையைப் பார்த்து. பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "ஐயோ, வேணாம். அலமாரியை முடிச்சிடட்டும்."

நான் அழுதேன். சத்தமில்லாமல், நன்றாக.

ஏப்ரல் 23, வியாழன்

தேர்வாகிவிட்டது.

ஏப்ரல் 24, வெள்ளி

நேரில் சொல்வதுதான் முறை என்று இயக்குநரைப் பார்க்கப் போனேன். எடிட்டிங் அறையில் என் இடத்தில் புது நாற்காலி. முதுகுக்கு மெத்தை, கழுத்துக்குத் தாங்கல்.

"இடுப்பு வலிக்குதுன்னு எப்பவும் சொல்வியேம்மா. உட்கார்ந்து பாரு."

உட்கார்ந்தேன். சுகமாக இருந்தது. அவர் தரையில் மண்டியிட்டு அடியில் இருந்த திருகைத் திருகினார். "உயரம் போதுமா? இன்னும் கொஞ்சம் ஏத்தவா?"

"போதும் சார்."

அவர் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொள்ளும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

கொஞ்ச நேரம் நாற்காலியின் முதுகையே தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் படத்தையும் உட்கார்ந்துதானே வெட்டணும்," என்றார். "வண்டியில ஏத்தச் சொல்றேன். எடுத்துட்டுப் போ."

இதை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.