நாலு யூனிட்

முதலியார்பேட்டை
9.6.2024

அன்புள்ள துர்காவுக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் உன் தவளக்குப்பம் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. கோவிந்தசாமி பெரியவர் கண் விழித்துவிட்டார். வார்டுக்கு மாற்றியாயிற்று, கஞ்சி குடிக்கிறார். பேச்சு மட்டும் குழறுகிறது. போகப் போகச் சரியாகலாம் என்கிறார் டாக்டர்.

டாக்டர் போனில் சொன்னது நாலு யூனிட் இன்சுலின். கேஸ் ஷீட்டில் எழுதியது நான். 'யூனிட்' என்று முழுசாக எழுதச் சோம்பல்பட்டு, நாலுக்குப் பக்கத்தில் ஒரு U போட்டேன். எழுதிய வேகத்தில் அதன் வாய் மூடிக்கொண்டது. பார்த்தால் சைபர்தான். நாலு நாற்பதாகிவிட்டது. அதைப் படித்து நீ நாற்பது யூனிட் போட, அவர் நினைவிழந்தார்.

விசாரணையில் சூப்பரிண்டென்ட் மேடம் அந்த ஷீட்டை என்னிடம் நீட்டி, "இது தெளிவாத்தானே இருக்கு?" என்று கேட்டார். "ஆமாம் மேடம்" என்றேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். அப்படிச் சொன்னதால்தான் உன் வேலை போயிற்று.

ஒன்று மட்டும் மனசில் உறுத்துகிறது. பக்கத்தில்தானே இருந்தேன்? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே, துர்கா.

உன் அக்கா,
அமுதவல்லி


தவளக்குப்பம்
17.6.2024

அமுதவல்லி சிஸ்டருக்கு,

பெரியவர் பிழைச்ச சேதிக்கு நன்றி. அம்மாவைக் கட்டிக்கிட்டு அழுதேன்.

கேட்டிருக்கலாமேன்னு எழுதியிருக்கீங்க. மருந்தை இழுக்கும்போது சிரிஞ்சு முழுசா நிறைஞ்சுது. இவ்வளவு போடச் சொல்லியிருப்பாங்களான்னு சந்தேகம் வந்துச்சு. கேக்கலாம்னு உங்க மேஜை வரைக்கும் வந்தேன்.

அதுக்கு முந்தின வாரம் ஒரு சார்ட்டைக் காட்டி, HS-னா என்னக்கான்னு கேட்டேன். "ராத்திரி படுக்கப் போறப்ப குடுக்கறதுன்னுகூடத் தெரியாதா? யாரு உனக்கு சர்டிபிகேட் குடுத்தது?"ன்னு வார்டு முழுக்கக் கேக்கற மாதிரி சொன்னீங்க. பேஷண்ட்டுகூட இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அது ஞாபகம் வந்துச்சு. மேஜைகிட்டேருந்து திரும்பிப் போய் ஊசியைப் போட்டுட்டேன்.

என் தப்பு இல்லைன்னு சொல்லல. சந்தேகம் வந்தும் போட்டது என் கைதான். வேர்த்துக் கொட்டி அவர் கண்ணு சொருகினது எனக்குத்தான் தெரியும். இன்னிக்கும் கண்ணை மூடினா அதான் வருது. ஆனா கேட்டிருக்கலாமேங்கறதை மட்டும் நீங்க சொல்லாதீங்க.

துர்கா


முதலியார்பேட்டை
2.7.2024

அன்புள்ள துர்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அன்று சிரித்தவர்களோடு நானும் சிரித்தேன். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

மறுநாளே மேடத்திடம் போனேன். "எழுதினது நான். அது சைபர் மாதிரிதான் இருக்கு. விசாரணையில பொய் சொன்னேன்" என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இத்தனை வருஷ சர்வீசு. முடிஞ்சு போன விஷயத்தை ஏன் கிளறுறீங்க?" என்றார். "அந்தப் பொண்ணுக்கு முடியலையே மேடம்" என்று சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டேன். என்னை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். உன்னைத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

வரும் வழியில் பெரியவர் கட்டிலுக்குப் போய் அவர் மனைவி செல்வாம்பாளிடமும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, ஆஸ்பத்திரி வாசல்ல அந்தப் பொண்ணு மேலயில்ல மண்ணை வாரித் தூத்தினேன்!" என்று அழுதார். நீ அதைக்கூட எழுதவில்லையே, துர்கா. உன் விலாசம் கேட்டார், கொடுத்தேன்.

மன்னிப்பு கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேலைக்கு மட்டும் திரும்பி வந்துவிடு.

அமுதவல்லி


தவளக்குப்பம்
28.7.2024

அமுதா அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டாங்க. வரலைன்னு சொல்லிட்டேன். அந்த வார்டு வாசலை மறுபடி மிதிக்க என்னால முடியாது.

பெரியவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். செல்வாம்பாள் அம்மா பாகூர்லேருந்து பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வந்தாங்க. வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம், "காலையில ஊசி போட ஆளு இல்லம்மா, நீ வந்து போடுறியா?"ன்னாங்க. மாட்டேன்னேன். வேற யாரையாவது பாருங்கன்னு கெஞ்சினேன். "உன்னை விட பயந்து போடறவங்க எங்க கிடைப்பாங்க?"ன்னாங்க.

போனேன். மருந்தை இழுத்து, சிரிஞ்சை அவங்க கண்ணுகிட்ட பிடிச்சு, "கோடு எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்கம்மா"ன்னேன். பாத்துச் சொன்னாங்க. அப்புறந்தான் போட்டேன். பெரியவர் குழறிக்கிட்டே, "வலிக்கல"ன்னார். வெளியே வந்து கிணத்தடியில உக்காந்துட்டேன்.

இப்ப தினமும் போறேன்.

நீங்க செஞ்சது சின்ன விஷயம் இல்லைக்கா. ஆனா கோபம் போயிடுச்சுன்னு எழுதினா பொய்யாயிடும். உங்களுக்கும் அவரைப் பாக்கணும்னு இருக்கும். போய்ப் பாருங்க. நான் காலையிலதான் போவேன். நீங்க சாயங்காலமா போங்க.

துர்கா