அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு

என் பாப்புவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பு என்று பார்த்தால் இங்கே உன் அப்பாவும் நானும் சுகம்தான், மனசுதான் சரியில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற சின்னதும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் பொழுது போகிறது. போனில் பேச ஆரம்பித்தால் நான் அழுவேன், நான் அழுதால் நீ அழுவாய், அப்புறம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சரி வைக்கிறேன் என்று வைத்துவிடுவோம், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். முடித்து உன் அத்தையிடம் கொடுத்தால் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவாள். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சிரிக்காமல் முழுக்கப் படி. உட்கார்ந்துகொண்டு படி.

போன வாரம் போனில், நான் வரலைன்னா என்ன, உன் அத்தை வருவா, அவ என்னைவிடக் கெட்டிக்காரி என்று பெரிய வாயாகச் சொன்னேன் அல்லவா, அதுவும் நடக்காது. உன் பிரசவத்துக்கு இங்கிருந்து யாரும் வர முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும்.

ஏன் வரலை என்று நீ கேட்டபோது அப்பாவுக்கு லேசாக உடம்பு சரியில்லை என்று மழுப்பினேன். நடந்தது வேறு. நான் உன்னிடம் இருக்கிற மூன்று மாதமும் உன் அத்தை நம் வீட்டில் தங்கி, இந்த மறதியோடு இருக்கிற அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகத்தானே ஏற்பாடு, பழகட்டும் என்று அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் இரண்டு நாள் உன் பெரியம்மா வீட்டில் போய் இருந்தேன், இரண்டு தெரு தள்ளித்தானே. முதல் நாள் ஒன்றும் இல்லை. சாப்பிட்டாராம், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தாராம். மறுநாள் காலையில் அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். எங்கே போவார்? முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக நின்ற மனுஷன், கால் பஸ் நிறுத்தத்துக்குத்தான் போகும். வந்த பஸ்ஸில் ஏறிப் படிக்கட்டில் நின்றுகொண்டு வண்டியை எடுக்கவே விடவில்லை. இருப்பா, ஒரு ஆள் ஏறணும் என்கிறாராம். யாரு சார் ஏறணும் என்று டிரைவர் கேட்டால், வருவாங்க, இரு என்கிறாராம். டிரைவர் பழைய ஆள், அப்பாவோடு வேலை பார்த்தவர், அதனால் பொறுத்துக்கொண்டார். உள்ளே இருந்தவர்கள் வேலைக்கு நேரமாச்சு என்று கத்துகிறார்கள், அத்தை ஈரத் தலையோடு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறாள், மனுஷன் அசையவில்லை. எனக்கு போன் வந்ததும் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். நான் ஏறினேன், அவ்வளவுதான், ரைட், போலாம் என்று சொல்லிவிட்டுச் சமர்த்தாக ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. முன்னாடி போங்கம்மா என்று யாரையோ சொல்கிற மாதிரிதான் என்னிடமும் சொன்னார். ஆனால் நான் ஏறின பிறகுதான் வண்டியை விட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தோம். இவரை விட்டுவிட்டு என்னால் எங்கேயும் போக முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நீ எனக்கு எடுத்து அனுப்பின விமான டிக்கெட் வீணாகக் கூடாதே என்று அதை உன் அத்தையிடம் கொடுத்தேன். சிரிக்காதே. கண்டக்டர் பெண்டாட்டிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டிக்கெட் யார் கையில் இருக்கிறதோ அவர் பயணி, நம் வீட்டில் வேறு சட்டம் உண்டா? அப்பா இத்தனை வருஷத்தில் யாரிடமாவது பெயர் கேட்டிருப்பாரா? உன் அத்தையும் அண்ணன் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள், அவளுக்கும் அதே புத்தி. துணிக்கடையில் இரண்டு மாதம் லீவு சொல்லிவிட்டாள், பெரிய பெட்டி வாங்கிவிட்டாள், குழந்தைக்கு ஆறு சின்னச் சட்டை தைத்துவிட்டாள், ஆறிலும் பட்டனை முதுகுப் பக்கம் வைத்திருக்கிறாள். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று இரண்டு பேரும் விமான டிக்கெட் போடுகிறவர் ஆபீசுக்குப் போனோம். நான் காகிதத்தை நீட்டி, எனக்குப் பதிலா இவங்க போறாங்க என்றேன். அவர் அத்தையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், இது பஸ் இல்லம்மா என்றார். பெயரை மாற்றவே முடியாதாம். அவளுக்குப் புதிதாக எடுக்கலாம் என்றால் விசா கைக்கு வர இரண்டு மாதமாம், உனக்கோ இன்னும் ஐந்து வாரம்தான். அத்தை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, அந்தப் புள்ளைகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேனே அண்ணி என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

டிக்கெட் போடுகிறவர் நல்ல மனுஷன், தண்ணீர் கொடுத்து ஒரு வழியும் சொன்னார். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஒரு வருஷத்துக்குள் எந்தத் தேதிக்கு வேண்டுமானாலும் மாற்றித் தருவார்களாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிரசவத்துக்கு இல்லாவிட்டாலும் பிள்ளை தவழுகிற நேரத்திலாவது போய் மடியில் வைத்துக்கொள்ளலாமே என்று ஆசைப்பட்டுவிட்டேன். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, எந்தத் தேதிக்குப் போடலாம்மா, நீங்க இல்லாம ஐயா எப்போ இருந்துக்குவாரு என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். பாப்பு, இந்த மறதி குறையாது, கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னிடம் கிளம்பி வரக்கூடிய நாள் எது? எனக்குத் தெரியும், இதைப் படிக்கிற உனக்கும் இப்போது தெரிந்திருக்கும். கழுத்தில் தாலியை வைத்துக்கொண்டு அதற்கு நான் என் வாயால் ஒரு தேதி சொல்வேனா? அப்புறம் வர்றேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அத்தை ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள், ஒன்றும் காதில் ஏறவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் மாதத்தில் முதல் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தாய். அடுத்த தடவை உன் தலைமாட்டில் நான் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றவில்லை. உன்னையா அவரையா என்று வந்தபோது அவரைத்தான் பிடித்துக்கொண்டேன், பெற்ற வயிறு எரிகிறது, ஆனாலும் அவரைத்தான். கோபப்படு, திட்டு, இரண்டு நாள் பேசாமல் இரு. மூன்றாம் நாள் பேசிவிடு. மாப்பிள்ளையை இப்போதே லீவு சொல்லி வைக்கச் சொல், கடைசி நிமிஷத்தில் கையைப் பிசைய வேண்டாம். கால் வீங்கினால் ஒன்றுமில்லை என்று விடாதே, போன தடவை அப்படித்தான் விட்டாய். வலி எடுத்ததும் எனக்கு போன் போட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல். பிள்ளை பிறக்கிற வரைக்கும் நான் பேசிக்கொண்டே இருப்பேன், பேசுவதற்கு எனக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? சட்டைகளைத் தபாலில் அனுப்புகிறோம்.

டிக்கெட்டை எடுத்தவள் நீ, பணமும் உனக்குத்தான் திரும்பும் என்பதால் நீதான் ரத்து செய்ய வேண்டுமாம். வியாழக்கிழமைக்குள் செய்துவிடு. தேதி மாற்றி வைக்கிறேன் என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதே. நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, கை நிறையப் பிள்ளையோடு நூறு வருஷம் இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. இன்னும் ஒன்று. போனை வைக்கும்போதெல்லாம் சீக்கிரம் வந்துடும்மா என்பாயே, இனிமேல் அப்படிச் சொல்லாதே.

இப்படிக்கு,
எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா