முன்னால் போகிறவனின் உரிமை

27 ஓகஸ்ட் 2000, ஞாயிறு

சாப்பாடு ஆறிப்போய்விட்டதென்று மனைவி யோசெப்பினுக்குக் கோபம். பரவாயில்லை. இன்றைக்கு மாதிரி ஒரு சண்டை பிடித்துக் கனகாலம்.

பெல்ஜியம் கார் றேஸ். வழக்கம்போல வெள்ளவத்தையில் மஜீட் நானாவின் எலெக்ட்ரிக் கடை மாடி. விலைபோகாமல் கிடக்கிற பெரிய டீவி, கூரையில் டிஷ், நானா, யோகநாதன், நான் என்று மூன்று பேர். சிவப்புக் கார் முன்னால், வெள்ளிக் கார் பின்னால். முந்நூறு கிலோமீற்றர் வேகத்தில் வெள்ளி பக்கத்தில் ஏற, சிவப்பு சடாரென்று குறுக்கே வந்து வழியை அடைத்தது. மயிரிழையில் தப்பினார்கள். அடுத்த சுற்றில் நடுவில் மெதுவாகப் போன வேறொரு காரை இந்தப் பக்கத்தால் சிவப்பும் அந்தப் பக்கத்தால் வெள்ளியும் கடக்க, வெள்ளி முந்திவிட்டது. நானா கதிரையில் ஏறி நின்று கத்தினார்.

யோகநாதன் மட்டும் சிவப்பு வழியடைத்த அந்த முந்தின சுற்றை விடவில்லை.

"அவன் குறுக்க வந்தது கொலை, ஐசே."

"எந்தச் சட்டத்துல இருக்கு? காட்டு பாப்பம். முன்னால போறவனுக்குத் தன்ட இடத்தக் காப்பாத்த உரிமை இருக்கு."

"எழுதினாத்தான் சட்டமோ? ஒருத்தன் பக்கத்தில வந்திட்டான் எண்டால் அவனுக்கு இடம் விடவேணும். முந்நூறில போகேக்க அவன் எங்க போறது, வானத்துக்கோ?"

புதுக்கடைக் கோட்டடியில் பதினாறு வருஷமாக லோயரிடம் கிளாக்கராக இருக்கிற என்னிடம் வந்து எழுதாத சட்டம் கதைக்கிறான், ஹாட்வெயார் கடையில் கணக்கெழுதுகிறவன்! "மெல்லப் பேசுங்களே ரெண்டு பேரும், ரோட்டால போறவனுக்கும் கேக்குது" என்று நானா கையெடுத்துக் கும்பிட்டார்.

பிறகு யோகநாதன் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தான். காலி வீதியில் ஆமி சோதனை செய்கிற சென்றியில் வழக்கம்போல நான் முன்னால் போய்ச் சிங்களத்தில் இரண்டு வார்த்தை போட்டேன், நாங்கள் இருவரும் ஒன்றாக வந்தவர்கள் என்று. என் அடையாள அட்டையில் கொழும்புக் கொட்டாஞ்சேனை, அவனுடையதில் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை. ஆமிக்காரன் அவனை ஒன்றும் கேட்கவில்லை. என்னோடு வந்தால் கேட்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

30 ஓகஸ்ட், புதன்

நானா கந்தோருக்குப் போன் எடுத்து யோகநாதனின் செய்தியைச் சொன்னார்: "கிளாக்கர் கோட்டில வெண்டாலும் அவர் சொன்னது பிழை." பதில் யோசித்துக்கொண்டே முத்திரையை வேறு யாருடையதோ மனுவில் ஒட்டிவிட்டேன். லோயர் பாலசுந்தரம் சேர் ஏசினார்.

10 செப்ரெம்பர், ஞாயிறு

எழுதினால் ஆறும் என்று எழுதுகிறேன்.

இத்தாலி றேஸ். முதல் சுற்றிலேயே கார்கள் மோதிச் சிதறின. பாதுகாப்புக் கார் வந்து எல்லாரையும் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனது. அது விலகப் போகிற நேரம், முன்னால் நின்ற சிவப்புக் கார் திடீரென்று பிறேக் பிடிக்க, பின்னால் வந்தவர்கள் தடுமாறி, ஒருவன் வேலியில் போய் மோதினான். வேகத்தைத் தீர்மானிப்பது முன்னால் போகிறவனின் உரிமை என்றேன் நான். பின்னால் வருகிறவனை நினைக்காதவனுக்கு என்ன உரிமை என்றான் அவன். றேஸ் முடிந்த பிறகு செய்தி சொன்னார்கள்: முதல் சுற்று விபத்தில் பறந்த கார்ச் சில்லு பட்டு, ஓரத்தில் நின்ற தீயணைப்பு ஊழியர் செத்துப்போனார்.

யோகநாதனுக்கு முகம் மாறிவிட்டது. "பாரும், வேலைக்கு நிண்ட மனிசன் செத்துப்போனான். நீர் இஞ்ச இருந்து உரிமை கதைக்கிறீர்."

அது வேறு விபத்து, இது வேறு என்றேன். எனக்கும் கொதித்தது. நான் கொன்றது போலல்லவா பேசுகிறான்? எழும்பினேன். விட்டானா? கதைத்து முடிக்கவேண்டும் என்று, சாறத்தோடு, பாட்டாச் செருப்போடு, பின்னாலேயே பஸ் நிறுத்தத்துக்கு வந்தான். அவன் அறை கடைக்கு அடுத்த ஒழுங்கையில். வடக்கிலிருந்து வந்தவர்கள் எப்போதும் கையில் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் ரிப்போர்ட் அறையில், காற்சட்டைப் பையில்.

சென்றியில் இன்று புது ஆட்கள். அவன் அதைக் கவனிக்கவேயில்லை. இரண்டு கையையும் இரண்டு காராக்கி, ஒன்றால் மற்றதை இடித்துக் காட்டிக்கொண்டு வந்தான். "இவன் பிறேக் பிடிச்சா அவன் வந்து இடிக்கத்தானே செய்வான்! இடிச்சா வெடிக்கும்! சனம் சாகும்!" — காலி வீதியில், தமிழில், குண்டு வெடிக்கிற இந்த நாட்களில். என் வாயையாவது நான் பொத்தியிருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தினேன்.

கூப்பிட்டார்கள். அட்டையைப் பார்த்தார்கள். ரிப்போர்ட் எங்கே? அறையில் என்றான். சார்ஜன்ட் என் பக்கம் திரும்பி, இரண்டு பேரும் ஒன்றா என்று கேட்டார். "தென்னம எகட்டத?"

எத்தனையோ தரம் ஓம் என்று சொன்ன கேள்வி. யோகநாதன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். கைகள் இரண்டும் இன்னும் உயரத்தான் இருந்தன.

"நே, மாத்தயா" என்றேன். இல்லை, ஐயா.

பஸ் வந்தது. ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

11 செப்ரெம்பர், திங்கள்

நானா போன் எடுத்தார். யோகநாதனைப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். "நீங்க அவனோடதானே போன?" என்று கேட்டார். பாதியில் பிரிந்துவிட்டோம் என்றேன். இது இரண்டாவது பொய்.

யோசெப்பினிடம் மட்டும் சொன்னேன். "வாயத் தொறக்காதீங்க. ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

12 செப்ரெம்பர், செவ்வாய்

சத்தியம் பண்ணிச் சொன்ன வாக்குமூலம் இல்லை. தெருவில் கேட்டார்கள், தெருவில் சொன்னேன். சட்டப்படி ஒன்றுமில்லை. ஒன்றுமேயில்லை.

பிறகு ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

13 செப்ரெம்பர், புதன்

இன்று கந்தோருக்கு ஒரு அம்மா வந்தார். தெகிவளையில் இருக்கிறாராம், பெயர் அருந்ததி. "என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம்" என்று தொடங்கியதும் யாருடைய அக்கா என்று எனக்கு விளங்கிவிட்டது. பாலசுந்தரம் சேர் உள்ளே கூப்பிட்டார். நான் எழுதுவதற்குப் பக்கத்தில் இருந்தேன்.

கார்களை இடித்து வெடிக்கவைப்பதைப் பற்றிக் கதைத்ததாக முறைப்பாடு. றேஸ் பற்றித்தான் கதைத்தேன் என்று யோகநாதன் சொல்லியிருக்கிறான். யாரோடு என்று கேட்டதற்கு, ஒருவரும் இல்லை, தனியாகத்தான் வந்தேன், எனக்கு நானே கதைத்தேன் என்றானாம். அடித்தும் கேட்டிருக்கிறார்கள். அதையேதான் சொன்னானாம்.

"விசரனோ தனியக் கதைக்க? ஆரோ கூட இருந்திருக்கினம் சேர். அந்த ஆள் வந்து ஒரு சொல்லுச் சொன்னாப் போதும், விட்டிடுவினம்" என்று அழுதார்.

தன்னை வேறு எங்கும் போகாமல் நேரே இங்கே வரச் சொன்னது தம்பிதான் என்றார். "புதுக்கடையில பாலசுந்தரத்தாரிட்டப் போ எண்டவன். வேற ஒண்டும் சொல்லேல்லை."

நான் இங்கே வேலை செய்வது அவனுக்குத் தெரியும். என் பெயரை அவன் பொலிசுக்கும் சொல்லவில்லை, சொந்த அக்காவுக்கும் சொல்லவில்லை. அவரை மட்டும் என் மேசைக்கு அனுப்பியிருக்கிறான்.

போகும்போது அவர் என்னிடம், "தம்பி, கெதியாச் செய்து தாங்கோ" என்றார். ஓம் அம்மா என்றேன். "சந்தேகநபர் தனியே நின்றபோது" என்று மனுவில் தட்டச்சு செய்ததும் நான்தான்.

14 செப்ரெம்பர், வியாழன்

நாளைக்குச் சேரிடம் சொல்வேன். யோசெப்பினிடம் சொல்லாமலே சொல்வேன். முடிவு.

15 செப்ரெம்பர், வெள்ளி

சேர் காலையில் கோட்டில். வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நகரத்தில் குண்டு வெடித்த செய்தி. ஊரெல்லாம் சோதனை, சேர் வந்ததும் வராததுமாகக் கந்தோரைப் பூட்டி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வருகிற வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். நான் வாயெல்லாம் சிங்களமாக நின்றேன்.

இன்றைக்குச் சொல்ல முடியாது. யாராலும் முடியாது.

17 செப்ரெம்பர், ஞாயிறு

சாந்த லூசியாஸ் கோவிலில் பூசை. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றுவிட்டு, முறை வரும் நேரம் விலகி வெளியே வந்துவிட்டேன். சுவாமியார் மன்னித்துவிடுவார். பிறகு நான் நிம்மதியாக மத்தியானச் சோறு சாப்பிடுவேன், அவன் அங்கேயே இருப்பான். அந்த நிம்மதி எனக்குக் கிடைக்கக் கூடாது.

19 செப்ரெம்பர், செவ்வாய்

யோகநாதனுக்குத் தடுப்பு உத்தரவு போட்டுவிட்டார்களாம். குண்டுக்குப் பிறகு எல்லாருக்கும் அப்படித்தான் என்றார் சேர். இனிக் களுத்துறைச் சிறைக்குக் கொண்டுபோவார்கள்.

அருந்ததி அம்மா கந்தோர் வாங்கில் இருந்தார். இன்று அழவில்லை. அழுதிருந்தால் நல்லது.

20 செப்ரெம்பர், புதன்

சொல்லிவிட்டேன்.

சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பத்து நாளா என்ர முன்னால இருந்து கொண்டு, ஹியூபேட்?" என்றார். ஒரு கிழமையாக அந்த மனுவில் நான் திருத்திய காற்புள்ளிகளெல்லாம் நினைவுக்கு வந்தன.

வீட்டுக்கு வந்து யோசெப்பினிடமும் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். நாளைக்குப் போட வெள்ளைச் சேட்டை எடுத்து அயன் பண்ணத் தொடங்கினாள். கண்ணீர் சேட்டில் விழுந்துகொண்டிருந்தது. அதன் மேலேயே அயன் பண்ணினாள்.

21 செப்ரெம்பர், வியாழன்

சேரோடு பொலிசுக்குப் போனேன். சப் இன்ஸ்பெக்டர் சின்ன வயது. என்னைத் தனியே இருத்தி, அன்றைக்கு என்ன பார்த்தீர்கள், எதைப் பற்றிச் சண்டை, யார் என்ன சொன்னது என்று கேட்டார். பாதுகாப்புக் கார், பிறேக், வேலியில் மோதினவன் எல்லாம் சொன்னேன். பிறேக் பிடித்தது சரி என்பது என் கட்சி என்றேன். பிறகு யோகநாதனைக் கொண்டுவந்து அதே கேள்விகள். ஆள் பாதியாகிவிட்டான், ஒரு கண் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனும் எல்லாம் சரியாகச் சொன்னான். பிறேக் பிடித்தது சரியா பிழையா என்று அவர் கேட்க, "பிழை" என்றான். அந்த நிலையிலும் பிழை என்றான்!

சப் இன்ஸ்பெக்டர் முதல் முறையாகச் சிரித்தார். பாடமாக்கிக்கொண்டு வந்தவர்கள் என்றால் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றிருப்பீர்கள் என்றார். என்னை நம்பிவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்றைக்கு ஏன் இல்லை என்று சொன்னாய் என்று கேட்டார்.

ஒரு நல்ல பதில் யோசித்து வைத்திருந்தேன். வரவில்லை. "பயட்ட, மாத்தயா" என்றேன். பயத்தில். அது அப்படியே எழுதப்பட்டது. யோகநாதன் பக்கத்தில் நின்று கேட்டான்.

வெளியே வரும்போது அவர் சேரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: இந்த மனுஷன் குண்டுக்கு முதல் வந்திருந்தால் அடுத்த நாள் காலையிலேயே விட்டிருப்பேன், இப்போது உத்தரவு மேலிடத்தில், என் கையில் இல்லை.

8 ஒக்ரோபர், ஞாயிறு

ஜப்பான் றேஸ். சிவப்புக் கார்க்காரன்தான் இந்த வருஷச் சம்பியன் என்று நானா போனில் சொன்னார். நான் போகவில்லை. களுத்துறைக்குப் போகும் அருந்ததி அம்மாவிடம் கொடுத்துவிட பிஸ்கட்டும் சவர்க்காரமும் வாங்கினேன். கந்தோர் ஆட்கள் சேர்ந்து கொடுப்பது என்று சொன்னேன்.

17 ஒக்ரோபர், செவ்வாய்

விட்டுவிட்டார்கள்.

அருந்ததி அம்மா கந்தோருக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்பிடாமல் வந்து சாட்சி சொன்னீங்கள் தம்பி. உங்களை மாதிரி ஆக்கள் இருக்கிறபடியால்தான்…" சென்றியில் நான் சொன்னதை அவன் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். கையை இழுத்துக்கொள்ளக்கூட முடியவில்லை, நின்று கேட்டுக்கொண்டேயிருந்தேன்.

22 ஒக்ரோபர், ஞாயிறு

கடைசி றேஸ், மலேசியா. பட்டப்பகலில் காட்டினார்கள். "அவனும் வாறான், வாங்களே" என்று நானா சொன்னதால் போனேன்.

யோகநாதன் எனக்கு முன்பே வந்திருந்தான். நீளக் காற்சட்டை, சப்பாத்து. கண் வீக்கம் வற்றிவிட்டது. பிள்ளைகள் சுகமா என்று கேட்டான். பிஸ்கட் கிடைத்தது என்றான். களுத்துறையைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "தொடங்கப்போகுது, பாரும்" என்று டீவியைக் காட்டினான்.

றேஸைத் தொடக்கும் விளக்கு அணைய முன்னமே வெள்ளிக் கார் வெளிக்கிட்டுவிட்டது. அது பிழை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பிறகு தண்டனை கொடுத்தார்கள். நானா "சரிதானே" என்றார்.

"பிழை" என்றேன் நான். "அவன் அசையவே இல்ல. இந்தத் தண்டன பிழை."

நானா என்னை விசரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் யோகநாதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை உயர்த்துவான், ஐசே என்று கத்துவான், என்னைக் கிழித்துப் போடுவான் என்று காத்திருந்தேன்.

"ஓம் ஐசே, நீர் சொல்லுறது சரிதான்" என்றான், டீவியிலிருந்து கண்ணெடுக்காமல்.

அதற்குப் பிறகும் விடாமல் ஒவ்வொரு பிழையான வாதமாகத் தேடித் தேடிச் சொன்னேன். றேஸ் முடியும்வரை எல்லாவற்றுக்கும் ஓம் என்றான்.