சூட்டுக் கை

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தாலே தெரிகிறது, நீ ரொம்ப நலமாகத்தான் இருக்கிறாய்.

பத்திரிகையின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, 'அக்கா, பூச்செண்டை நானே கட்டிக்கொள்கிறேன், நீ சிரமப்பட வேண்டாம்' என்று. சிரமமா? ஊரில் உள்ள கல்யாணப் பெண்களுக்கெல்லாம் செண்டு கட்டிக் கொடுக்கிறவள் நான். கூடப் பிறந்தவளுக்குக் கட்டுவது எனக்குச் சிரமமா? அதைப் படித்தபோது கடையில் ஆள் இருந்தது. இல்லாவிட்டால் பத்திரிகையை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன்.

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். "செண்டு உங்க கடையிலதானே?" என்பார்கள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வேன்?

போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் பேசி முடிப்பதற்குள் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது பார்.

அம்மா உன் உடம்பை விசாரித்தாள். நான் விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா (இன்னும் அப்படித்தானே?)


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தையும் நடுவில் வைக்கலாம். உன்னுடையதை அப்படி வைத்துவிட்டு, வாசல் வரைக்கும் போய்விட்டு வந்துதான் படித்து முடித்தேன்.

நான் ஏன் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று ஒரு வரி கேட்டாயா? ஊர் என்ன கேட்கும் என்பதுதான் உனக்குக் கவலை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

படிப்பு முடிந்ததும் உன் கடைக்குத்தானே வந்தேன். எனக்கு என்ன வேலை கொடுத்தாய்? வாளி கழுவு, தரையைத் துடை, வெட்டிப் போட்ட இலையை அள்ளு. பூவை எடுக்கக் கையை நீட்டினால், "சூட்டுக் கை வந்துட்டா, பூவை எல்லாம் மறைச்சு வைங்க" என்பாய். கடையில் கடைசியில் அதுவே என் பெயராகிவிட்டது. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வருஷக்கணக்காக அப்படிச் சிரித்தேன்.

கடைசி நாள் உனக்கு நினைவிருக்கிறதா? செண்டு வாங்க வந்த கல்யாணப் பெண்ணுக்கு அதை எடுத்துக் கொடுக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய். "நீ தொடாதே. இவளுக்குச் சூட்டுக் கைம்மா, தொட்டா வாடிடும்" என்றாய். அந்தப் பெண் ஒரு அடி பின்னால் போனாள். உன் கையிலிருந்து செண்டை வாங்கி என் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள், எனக்கு ஏதோ ஒட்டுவாரொட்டி வியாதி இருப்பது போல. மறுநாள் நான் வேலைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றுவரை நீ கேட்டதில்லை. வேறு ஆளைப் போட்டுக்கொண்டாய்.

இப்போது நான் வேலை செய்கிற மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்து பார். எறும்பின் தலை அளவு திருகாணியை இந்தக் கைதான் மாட்டுகிறது. யாரும் என் கையைப் பிடித்து இழுப்பதில்லை.

என் கல்யாணத்தில் என் கையில் இருக்கப்போகிற பூவை நான்தான் தொடுவேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தொட்டுக்கொண்டே இருப்பேன். வாடினால் வாடட்டும்.

சூட்டுக் கை


மார்ச் 13

சூட்டுக் கைக்கு,

நீயே அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டாய், நான் என்ன செய்ய.

வேடிக்கைக்குச் சொன்ன ஒரு பேச்சை இத்தனை வருஷம் முடிந்து வைத்திருந்து இப்போது என் மூஞ்சியில் எறிகிறாய். உன் கை சூடு என்பது பொய்யா? பள்ளிக்கூடம் போகும்போது குளிரில் என் விரல் விறைத்துப்போனால் யார் கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்? அப்போது உனக்கு அது பெருமையாக இருந்தது. "அக்கா, இந்தக் கையும் குடு" என்று கேட்டு வாங்கிக்கொள்வாய். கடையில் சொன்னால் மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. உன் சூட்டைத் தாங்கப் பூ என்ன உன் அக்காவா?

சரி, கட்டு. ஆனால் என் தங்கை கையில் தலை தொங்கிப்போன பூவை என்னால் பார்க்க முடியாது. அதனால் சொல்கிறேன். பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே.

பூவை முந்தின நாள் காலையிலேயே வாங்கு. தண்டைச் சாய்வாக வெட்டு. மழுங்கிய கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு நசுக்காதே, நசுங்கின தண்டு தண்ணீர் குடிக்காது. தண்ணீருக்குள் போகிற இலையை எல்லாம் உருவிவிடு. ராத்திரி முழுக்கக் கழுத்தளவு தண்ணீரில், வெயில் படாத மூலையில் நிற்கட்டும். கட்டும்போது ஒவ்வொரு தண்டையும் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்து, கையிலேயே திருப்பிக்கொண்டு போ. அழுத்திப் பிடிக்காதே, நீ எதையும் அழுத்தித்தான் பிடிப்பாய். டேப் சுற்றி, அதன் மேல் ரிப்பன். ரிப்பனை முடிக்கும்போது குண்டூசியை நேராகக் குத்தாதே. தண்டோடு தண்டாக மேல்நோக்கிச் செருகு. நேராகக் குத்தினால் முனை அந்தப் பக்கம் வந்து கையைக் கிழித்துவிடும்.

உன் மாப்பிள்ளை லிப்ட் ரிப்பேர் பண்ணுகிறவர்தானே. உன் கோபத்தைக் கீழே இறக்க அவரிடம் ஏதாவது பட்டன் இருக்கிறதா என்று கேட்டுப் பார்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

அவரிடம் பட்டன் இருக்கிறது. உனக்கும் ஒன்று மாட்டிவிடச் சொல்லட்டுமா?

நேற்று ஒத்திகை பார்த்தேன். ரோஜாவும் கார்னேஷனும் நன்றாக நின்றன. நீலமாக உருண்டை உருண்டையாகப் பூக்குமே ஹைட்ரேஞ்சியா, அது மட்டும் மத்தியானத்துக்குள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா சொன்னது நிஜம்தான், என் கை ஒரு தரித்திரக் கை என்று நினைத்து அழுதேன்.

அவர் வேலை முடிந்து வந்தார். செண்டைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலோரம் கிளாஸில் மிச்சமாக நின்ற ஒரு பூவைப் பார்த்தார். "இதை நீ தொட்டியா?" என்று கேட்டார். இல்லை, கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததை அப்படியே வைத்ததுதான் என்றேன். "அப்புறம் இது ஏன் வாடியிருக்கு? பூவோட கோளாறுக்கு எதுக்கு உன் கையைத் திட்டுற?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. ஒரு பூவைத் தொட்டும் இன்னொன்றைத் தொடாமலும் வைத்துப் பார்க்கலாம் என்று இத்தனை வருஷத்தில் உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நீ சொன்னாய், நான் நம்பினேன். உன்மேல் பாதி கோபம் என்றால் என்மேல் பாதி.

கல்யாணத்துக்கு வா. எல்லோரையும் போல வா. கத்திரிக்கோல் கொண்டுவராதே. செண்டில் கை வைக்காதே. அந்த நீலப் பூவை நிற்க வைக்க ஏதாவது வழி இருந்தால் அதையும் சொல்லாதே. அது இல்லாமலே கட்டப் போகிறேன்.

தங்கை


ஏப்ரல் 12

கல்யாணப் பெண்ணுக்கு,

வந்தேன். நீ உத்தரவு போட்டது போல வெறுங்கையோடு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீங்கள் இரண்டு பேரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் கிட்டே வந்தேன். என் கை செண்டுப் பக்கம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அத்தனை பேர் முன்னால் "தொடாதே அக்கா, உன் கை சூடு, வாடிடும்" என்று தட்டிவிட்டாய். உன் சிநேகிதிகள் சிரித்தார்கள். போட்டோ எடுக்கிறவர்கூடச் சிரித்தார். அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

மனசு குளிர்ந்ததா? எத்தனை நாளாக அந்த வார்த்தையைத் தீட்டிக்கொண்டிருந்தாய்?

இனிமேல் எனக்கு எழுதாதே. கடைப் பக்கமும் வராதே.

செண்டு நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் தொழிலுக்குத் துரோகம், அதனால் எழுதுகிறேன்.

உனக்கு அக்காவாக இருந்தவள்


ஏப்ரல் 15

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். வேண்டுமானால் நடுவில் வைத்துக்கொள்.

கல்யாணத்தன்று வீட்டுக்கு வந்து செண்டைக் கீழே வைத்தபோதுதான் பார்த்தேன், வெள்ளை ரிப்பனில் ரத்தம். உள்ளங்கையில் நீளமாக ஒரு கீறல். காலை அவசரத்தில் குண்டூசியை நேராகக் குத்தியிருக்கிறேன். முனை இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு இருந்த படபடப்பில் வலியே தெரியவில்லை.

இன்றைக்குப் போட்டோ வந்தது. உன் விரல் பூப் பக்கம் போகவில்லை. ரிப்பன் பக்கம் போகிறது. உன் கண்ணும் அங்கேதான் இருக்கிறது. நீ பூவைத் திருத்த வரவில்லை, ஊசியை உள்ளே தள்ள வந்திருக்கிறாய். கடைசி வரிசையிலிருந்து வந்த உனக்குத் தெரிந்தது பக்கத்திலேயே நின்ற ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இப்போது உன்மேல் முன்னைவிட அதிகமாகக் கோபம் வருகிறது. வாயைத் திறந்து "ஊசி" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பேசாமல் கையை நீட்டுவாய், நான் புரிந்துகொள்ள வேண்டும். கோபமாகக் கடிதம் எழுதுவாய், நடுவில் ஒளித்து வைத்ததை நான் தேடிக்கொள்ள வேண்டும். ஊர்க்காரர்களுக்கெல்லாம் என் கையைப் பற்றிச் சொல்ல உனக்கு வாய் இருந்தது. எனக்கு வேண்டியதைச் சொல்ல மட்டும் இல்லை.

சொன்னது தப்பு என்று நான் எழுத மாட்டேன். நீ எழுதினாயா? ஆனால் தட்டிவிட்டபோது உன் கை ஜில்லென்று இருந்தது. நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்து விரலெல்லாம் வெடித்திருந்தது. அந்த ஜில்லிப்பு இன்னும் என் கையிலேயே இருக்கிறது.

செண்டு மேஜையில் தண்ணீர் ஜாடியில் இருக்கிறது. இன்னும் வாடவில்லை.

தங்கை


ஏப்ரல் 19

தங்கைக்கு,

ஊசி.

வாயைத் திறந்து சொல்லச் சொன்னாயே, சொல்லிவிட்டேன். இத்தோடு முடித்துத் தபாலில் போடத்தான் நினைத்தேன். அம்மா விடவில்லை.

உன்மேல் கோபம் போகவில்லை. அவ்வளவு சீக்கிரம் போகவும் போகாது. நீ வேலைக்கு வராமல் போனபோது ஏன் என்று கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். கேட்டால் சொல்லிவிடுவாயே என்றுதான் கேட்கவில்லை.

அந்த நீலப் பூவைக் கட்டுவதற்கு முன்னால் தலையோடு தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். அது தண்டால் மட்டும் குடிக்கிற பூ இல்லை, இதழாலும் குடிக்கும். யார் தொட்டாலும் வாடும், என் கையிலும் வாடியிருக்கிறது. சொல்லாதே என்றாய், சொல்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் எங்கே பார்த்தாலும் கல்யாணம். எனக்கு இரண்டு கைதான். கண்ணாடிக் கடைக்கு அன்றைக்கு விடுமுறை என்று அம்மா சொன்னாள். உள்ளங்கைக் கீறல் ஆறியிருந்தால் காலையிலேயே வா. உனக்கென்று ஒரு கத்திரிக்கோலைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன்.

வாளியெல்லாம் நானே கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

அக்கா